கானாடுகாத்தான் பாதுகாப்புத் திட்டத்தைப் புதுப்பிக்கும்போது

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் பழைய வீடுகளைக் காக்கும் திட்டம் இது. முன்பு எடுத்த வீட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு முதலில் தெருவில் இறங்குங்கள். இங்கே ஒரு வீடு முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். முகப்பை மட்டும் படம் எடுத்துவிட்டு, பின்கட்டு இடிந்து கிடந்ததை நான் ஒருமுறை தவறவிட்டேன், இன்றும் உறுத்துகிறது. அதனால் வளவு (நடுமுற்றப் பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று தனித்தனியாகக் குறியுங்கள். தேக்குத் தூண்கள் நிற்கின்றனவா, கழற்றி விற்றாயிற்றா என்றும் எழுதுங்கள்.

சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு சில்லென்று வழுவழுப்பாக இருக்கும். மேலே சிமெண்ட் பூசிய இடம் சொரசொரக்கும். உள்ளே ஈரம் தங்கி அடிப்பக்கம் உப்பிக்கொண்டு வரும். பழைய சுவரில் சிமெண்ட் கூடாது என்ற விதி திட்டத்தில் கட்டாயம் வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் போங்கள். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அதையும் வரைபடத்தில் சேருங்கள்.

அப்புறம், ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர், பாதிப்பேர் வெளியூரில். கருத்துக் கேட்புக் கூட்டத்தை அவர்கள் திருவிழாவுக்கு வரும் நாளில் வையுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததைப் பேரூராட்சித் தீர்மானத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.