பாங்காக்கில் நெரிசலில் சிக்காமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

பாங்காக்குக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் அரண்மனை எவ்வளவு தூரம், கடைத்தெரு எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் விடுதியை முடிவு செய்கிறார்கள். விடுதி வாசலிலிருந்து மெட்ரோ நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாலை நான்கு மணிக்கு மேல் இந்நகரின் பெருஞ்சாலைகளில் மூன்று கிலோமீட்டரைக் கடக்க டாக்சிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதே தூரத்தை மேலே ஓடும் ரயில் சில நிமிடங்களில் கடந்துவிடும். எனவே ரயிலும் படகும் முதலில், டாக்சி கடைசியில் என்ற வரிசையில் ஒவ்வொரு நாளையும் திட்டமிடுங்கள். நிலையத்துக்குப் பத்து நிமிட நடைக்குள் இருக்கும் எளிய அறை, ரயில் எட்டாத பகுதியில் இருக்கும் நல்ல அறையைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால், அடித்தளத்திலிருந்து புறப்படும் ஏர்போர்ட் ரயில் லிங்க் அரை மணி நேரத்துக்குள் பாயா தாய் நிலையத்தில் கொண்டுவந்து விடும், அங்கே மேம்பாலத்தில் ஓடும் பி.டி.எஸ். ரயிலுக்கு மாறலாம். வழியில் மக்கசானில் இறங்கினால், பக்கத்திலுள்ள பெட்சபுரி நிலையத்தில் சுரங்க ரயிலான எம்.ஆர்.டி. கிடைக்கும். நள்ளிரவை நெருங்கி இறங்குபவர்களும் பெட்டிகள் அதிகம் வைத்திருப்பவர்களும் முதல் தளத்துக்குச் சென்று, இயந்திரம் தரும் சீட்டை எடுத்துக்கொண்டு, அதில் அச்சிட்டுள்ள எண்ணுள்ள இடத்தில் நிற்கும் டாக்சியில் ஏறுவது நல்லது. மீட்டர் தொகையுடன் 50 பாட் (தாய்லாந்து நாணயம்) விமான நிலையக் கட்டணத்தையும், விரைவுச்சாலையில் சென்றால் அதற்கான சுங்கத்தையும் பயணிதான் தர வேண்டும் என்பதால், இவற்றைக் கேட்கும் ஓட்டுநர் உங்களை ஏமாற்றவில்லை. நகரின் இன்னொரு விமான நிலையமான டான் மியாங்கில் இறங்குபவர்கள், 2021இல் திறக்கப்பட்ட சிவப்புத் தட ரயிலில் கிருங் தேப் அபிவாட் முனையத்துக்கு வந்து, அங்கிருந்து எம்.ஆர்.டி.யைப் பிடிக்கலாம்.

நகருக்குள் முக்கியமான ரயில்கள் இரண்டு. 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய பி.டி.எஸ். தூண்களின்மேல் செல்வது, 2004இல் தொடங்கிய எம்.ஆர்.டி. நீலத் தடம் நகரின் நடுப்பகுதியில் பூமிக்கடியில் செல்வது. இவை வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருப்பதால் பயணச்சீட்டும் வேறு வேறு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே சந்திப்புக்கு இரண்டு பெயர்கள் இருப்பதுதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. பி.டி.எஸ்.ஸின் அசோக் நிலையமும் எம்.ஆர்.டி.யின் சுகும்வித் நிலையமும் ஒரே இடத்தில்தான் உள்ளன. சாலா தேங்கும் சீலோமும் அப்படியே, மோ சிட்டும் சதுசாக் பூங்காவும் அப்படியே. இந்த மூன்று இணைகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பி.டி.எஸ்.ஸின் சுகும்வித் தடமும் சீலோம் தடமும் சயாம் நிலையத்தில் சந்திக்கின்றன. அங்கே நடைமேடைகள் இரண்டு அடுக்குகளாக உள்ளன. பெரும்பாலான மாற்றங்களுக்குப் படியேறவே தேவையில்லை, இறங்கிய நடைமேடையின் எதிர்ப்பக்கத்துக்கு நடந்தாலே போதும். பெயர்ப்பலகைகளில் தாய் மொழியுடன் ஆங்கிலமும் இருக்கும். நிலையத்தின் பெயரைவிட இ4, என்8, எஸ்6 போன்ற குறியீடுகளைக் கவனித்துப் பழகுவது எளிது. எம்.ஆர்.டி.யில் பிளாஸ்டிக் வில்லை ஒன்று தருவார்கள். உள்ளே நுழையும்போது அதைத் தொட்டுக் காட்ட வேண்டும், வெளியேறும்போது துளையில் போட்டுவிட வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தொட்டும் எம்.ஆர்.டி.யில் செல்லலாம். இரண்டு நாளைக்கு மேல் தங்குபவர்கள் பி.டி.எஸ். முகப்பில் கடவுச்சீட்டைக் காட்டி, முன்பே பணம் ஏற்றிவைக்கும் ராபிட் அட்டை வாங்கிக்கொண்டால், ஒவ்வொரு முறையும் சில்லறை தேடி வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

நம்மவர்கள் பலரும் தேடிச் செல்லும் சீலோம் மாரியம்மன் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பியது. பி.டி.எஸ். சீலோம் தடத்தின் சுரசக் நிலையத்திலிருந்து அங்கே நடந்தே செல்லலாம். நவராத்திரி ஊர்வலத்தன்று கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளை மூடிவிடுவார்கள் என்பதால், அன்று டாக்சியை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

பழைய நகரத்துக்குச் செல்லச் சிறந்த வழி சாவோ பிரயா ஆறுதான். பி.டி.எஸ்.ஸில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே நீலக்கொடி சுற்றுலாப் படகுக்கு நாள் முழுவதற்குமான சீட்டு வாங்கச் சொல்லி அழைப்பார்கள். ஒருநாளில் பல துறைகளில் ஏறி இறங்குபவர்களுக்கு அது சரிதான். மற்றவர்களுக்கு ஆரஞ்சுக் கொடிப் படகே போதும்: எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம், அதுவும் மிகக் குறைவு. படகு துறையை நெருங்கும்போது பின்னால் நிற்கும் பணியாளர் விசிலடித்து ஓட்டுநருக்குக் குறிப்பு கொடுப்பார். படகு துறையில் மோதி நிற்கும் அந்தச் சில நொடிகளுக்குள் இறங்குபவர்கள் இறங்கி, ஏறுபவர்கள் ஏறிவிட வேண்டும். எனவே உங்கள் துறை வருவதற்கு முன்பே எழுந்து பின்பக்கம் சென்று நில்லுங்கள். சீட்டு சில நேரம் துறையிலும், சில நேரம் படகுக்குள்ளும் தரப்படும். நீண்ட உலோகக் குழாயில் நாணயங்களைக் குலுக்கிக்கொண்டு வருபவர்தான் நடத்துநர்.

எட்டாம் எண் துறையான தா தியெனில் இறங்கினால் வாட் போ கோயில். அங்கிருந்தே சிறு படகில் எதிர்க்கரைக்குச் சென்றால் வாட் அருண். பெரிய அரண்மனைக்கு ஒன்பதாம் எண் துறையான தா சாங். ரயில் நிலையம் பக்கத்தில் இல்லாத காவோ சான் பகுதிக்குப் பதின்மூன்றாம் எண் துறையான பிரா ஆர்த்தித். மாலை ஏழு மணிக்குள் பெரும்பாலான விரைவுப் படகுகள் நின்றுவிடும் என்பதால் திரும்பும் வழியையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். 2019இல் நீலத் தடம் நீட்டிக்கப்பட்ட பிறகு சனாம் சாய் நிலையம் வாட் போவுக்கு அருகிலேயே அமைந்திருப்பதால், இரவில் அது கைகொடுக்கும்.

வெளியூர்க்காரர்கள் அதிகம் கவனிக்காத இன்னொரு நீர்வழி சேன் சேப் கால்வாய். சயாமுக்குப் பக்கத்திலுள்ள ஹுவா சாங் துறையில் ஏறினால், பத்து நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாகப் பொன்மலைக் கோயிலுக்கு அருகிலுள்ள பான்பா துறைக்கு வந்துவிடலாம். சாலைவழியே நெரிசல் நேரத்தில் இது நடக்காத காரியம். கால்வாய் நீர் அழுக்கானது. எதிரே படகு வரும்போது ஓரத்தில் அமர்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையை உயர்த்திக்கொள்வார்கள், நீங்களும் இழுத்துவிடுங்கள். பெரிய பெட்டியோடும் கைக்குழந்தையோடும் இந்தப் படகில் ஏற வேண்டாம்.

டாக்சியை நண்பகலிலும் இரவு ஒன்பது மணிக்கு மேலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சாதாரண காரில் மீட்டர் 35 பாட் என்று தொடங்கும். கதவைத் திறந்ததும் மீட்டர் போடச் சொல்லுங்கள். மறுத்து மொத்தமாக ஒரு தொகை கேட்டால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த டாக்சியைப் பாருங்கள், சாலையில் டாக்சிகளுக்குப் பஞ்சமில்லை. விடுதியின் முகவரியைத் தாய் எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். பேரம் பேசத் தயங்குபவர்களுக்கு கிராப், போல்ட் செயலிகள் உண்டு.

நம் ஊர் ஆட்டோவைப் போன்ற டுக்-டுக்கில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடிக்க வேண்டும். அரண்மனை வாசலருகே ஒருவர் கனிவாகப் பேசி, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, குறைந்த காசில் வேறு கோயில்களைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னால், அந்தச் சவாரி ரத்தினக் கடையிலோ தையற்கடையிலோதான் போய் நிற்கும். வாசல்வரை நடந்து சென்று நீங்களே பாருங்கள்.

பெருஞ்சாலையிலிருந்து பிரியும் சிறு தெருக்களுக்குச் சோய் என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் ஒருபக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம் என்பதால், சுகும்வித்தில் சோய் 11 எங்கே என்று தெரிந்தால் சோய் 13 எந்தப் பக்கம் என்பது தானே விளங்கும். ஆனால் அடுத்தடுத்த எண்கள் நேருக்கு நேர் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீண்ட சோய்களின் வாயிலில் ஆரஞ்சு மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் காத்திருப்பார்கள். தலைக்கவசம் கேட்டு வாங்கி அணிந்துகொண்டு, சோய்க்குள் மட்டும் அவர்களோடு செல்லலாம். பெருஞ்சாலையில் அப்படிச் செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வாகனங்கள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் செல்கின்றன. சாலையைக் கடக்கும் வரிக்கோட்டில் நிற்பவருக்காக அவை நிற்கும் என்று நம்பி இறங்காமல், நடைமேம்பாலம் கண்ணில் பட்டால் அதில் ஏறிவிடுங்கள்.

காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையங்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லோரும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். ரயிலில் துறவிகளுக்கென ஒதுக்கிய இருக்கையில் அமராதீர்கள், உண்ணவும் பருகவும் வேண்டாம். நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும். ஊர் திரும்பும் நாளில் விமானம் மாலையிலோ முன்னிரவிலோ இருந்தால், மழைக்காலமாக இல்லாவிட்டாலும், பாயா தாய் வழியாக ரயிலிலேயே சுவர்ணபூமிக்குச் செல்லுங்கள்.