குடிமையியல் வகுப்பில் இலக்கியம்: எங்கே தவறுகிறோம்?

கோவலன் கதையை மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டு, ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நீதி தவறக் கூடாது சார்’ என்று கடைசி பெஞ்சிலிருந்தும் பதில் வரும். கதையைக் கேட்காமலே சொல்லக்கூடிய பதில் அது. அறம் கற்பிக்க இலக்கியத்தை எடுக்கும்போது நாம் செய்யும் பெரிய தவறு இந்த அவசரம்தான்.

நீதி எந்த இடத்தில் தவறியது என்று தேட விடுங்கள். பொற்கொல்லன் சொன்னதை நம்பிய பாண்டியன், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் ‘கொன்றச் சிலம்பு கொணர்க’ என்கிறான். கோவலனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. போன காவலர்களோ, இவன் ‘கொலைப்படு மகனலன்’ என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் விடாமல் பேசுகிறான். கடைசியில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அப்புறம்தான் கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இதில் மாணிக்கம். இந்தச் சோதனையை முன்பே செய்திருந்தால்? மாணவர்கள் இதைக் கேட்ட பிறகு அரசமைப்பின் 21ஆம் பிரிவை வாசியுங்கள். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவர் உயிரையும் பறிக்கக் கூடாது என்ற வரி அப்போது வெறும் மனப்பாடமாக இருக்காது.

சங்கடமான பகுதியைத் தாண்டிப் போவது அடுத்த தவறு. மதுரையை எரிக்கும்போது பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிடச் சொல்கிறாள் கண்ணகி. அப்படியானால் மற்றவர்கள்? அரசன் செய்த பிழைக்கு ஊர் ஏன் எரிய வேண்டும்? வகுப்பு சூடாகத்தான் செய்யும். ஆகட்டுமே.

ஒற்றை வரியைப் பிய்த்தெடுப்பதும் பழகிப்போன ஒன்று. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ பள்ளிச் சுவரெல்லாம் இருக்கிறது. புறநானூற்றின் அந்த 192ஆம் பாட்டு, பெரியோரை வியத்தலும் இலம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்றுதான் முடிகிறது. என்னைக் கேட்டால், சமத்துவப் பாடத்துக்கு முதல் வரியைவிட இதுவே பொருத்தம்.

தேர்விலும் ‘கதை உணர்த்தும் நீதி யாது?’ என்றே கேட்காதீர்கள். தயங்கிய காவலரில் ஒருவர் அன்றிரவு அரசனுக்கு ஓர் அறிக்கை எழுதினால் அதில் என்ன இருக்கும் என்று கேளுங்கள்.