டிஃப்ராக்டிவ் சிதறல் புராஜெக்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறவர்களில் சிலர் வருஷா வருஷம் புரோட்டான் மோதலை, அதிலும் புரோட்டான் உடையாமலோ சிறு கூட்டமாக மட்டும் சிதைந்தோ போகும் டிஃப்ராக்டிவ் சிதறலைப் புராஜெக்டாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் வெளியிட்டிருக்கும் திறந்த தரவு இலவசம், மோதல்களைக் கணினியில் உருவாக்கிக் காட்டும் பித்தியா சிமுலேஷனும் இலவசம், ஒரு மடிக்கணினி இருந்தால் போதும். நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வெட்டுமுகத்தின் (மோதல் நடக்கும் வாய்ப்பைச் சொல்லும் அளவு) அலகுகளான மில்லிபார்னையும் மைக்ரோபார்னையும் குழப்புவது, அச்சுக்குப் பெயர் போடாமல் வரைபடம் கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை கைடு பார்த்துக்கொள்வார்.

இடைவெளி கண்டதும் முத்திரை குத்துவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரண மோதலில் இரண்டு புரோட்டான்களுக்கும் நடுவே நிறச்சுமை (வலிமையான விசைக்கு உரிய சுமை) கைமாறுகிறது. கைமாறியதும் வலிமையான விசை அந்த இடம் முழுவதும் புதுத் துகள்களை உண்டாக்கிவிடும். நிறமில்லாத ஒன்று கைமாறினால் அப்படி நடக்காது. ஒரு புரோட்டான் உடையாமல் தப்பும், அல்லது ஒன்றோ இரண்டோ சிறு கூட்டமாகச் சிதையும். நடுவில் துகளே இல்லாத ஒரு வெற்றுப் பகுதி கிடைக்கும். இதுதான் ரேப்பிடிட்டி இடைவெளி. இதுவரை எல்லோருக்கும் புரிகிறது. அடுத்த வரியில்தான் கவிழ்கிறார்கள்: டிஃப்ராக்‌ஷன் என்றால் இடைவெளி, ஆகவே இடைவெளி என்றால் டிஃப்ராக்‌ஷன்.

திங்கள்நகர் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், கெட்டிக்காரன். மின்னூட்டத் துகள்கள் விட்ட தடங்களை மட்டும் எடுத்து, ஈட்டா (கற்றையோடு துகள் போகும் கோணத்தைச் சொல்லும் எண்) அச்சில் காலி இடம் இருக்கும் மோதல்களை எண்ணி, “சார், டிஃப்ராக்டிவ் பங்கு புத்தகத்துல இருக்கிறதைவிட ரொம்ப கூட வருது, புதுசா ஏதோ கண்டுபிடிச்சிட்டேன் போல” என்றான். தடத்துக்குக் குறைந்தபட்சக் குறுக்கு உந்தம் (கற்றைக்குக் குறுக்கான உந்தம்) எவ்வளவு வைத்தாய் என்று கேட்டேன். இரைச்சலைக் குறைக்க 800 மெகா எலக்ட்ரான்வோல்ட்டாம்.

“மக்களே, அதை 200 ஆக்கிட்டு ஓட்டிப் பாரு.”

ஓட்டினான். கண்டுபிடிப்பில் பெரும்பகுதி காணாமல் போனது. வலைக்கண்ணைப் பெரிதாக்கிவிட்டு குளச்சல் கடலில் நெத்திலியே இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மிச்சமிருந்ததிலும் பாதி சந்தேகம். அவன் பார்த்த தரவைத் தந்த, எல்.எச்.சி. (செர்னின் புரோட்டான் மோதுவி) டிடெக்டரான சி.எம்.எஸ்.ஸின் தடம் காணும் கருவி ஈட்டா 2.5 வரைதான் பார்க்கும். நடுநிலை பயான் என்ற துகள் சிதைந்து வரும் ஃபோட்டான்கள் தடம் விடாது. துகள்களின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரின் தரவைத் திறந்துகூடப் பார்க்காமல் “இங்கே ஒன்றுமில்லை” என்று எழுதியிருந்தான். அறிக்கை அச்சாகி பைண்டிங்கும் முடிந்திருந்தது. வைவாவுக்கு முன் அத்தனையும் திரும்ப எழுதவேண்டியதாயிற்று. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நடுவில் ஒரு தடவைகூட த்ரெஷோல்டை, அதாவது அந்தக் குறைந்தபட்ச வரம்பைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

டிஃப்ராக்‌ஷனே இல்லாத மோதலிலும் தற்செயலாக இடைவெளி விழும். ஆனால் இடைவெளி அகலமாக அகலமாக அப்படிப்பட்டவை அடுக்குக்குறி வேகத்தில் அருகிப்போகும். டிஃப்ராக்டிவ் மோதல்கள் அப்படி அருகுவதில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, தனி ஒரு மோதலில் இல்லை. ஆகவே முதலில் இடைவெளியின் அகலத்துக்கு எதிராக வெட்டுமுகத்தை வரையுங்கள். 7 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் எல்.எச்.சி.யின் இன்னொரு டிடெக்டரான அட்லஸின் குழு வரைந்த படத்தில் அகலம் 3-ஐத் தாண்டியதும் வளைவு ஏறக்குறைய மட்டமாகிறது. ஓர் அலகுக்குச் சுமார் 1 மில்லிபார்ன். உங்கள் படத்தில் அந்த மட்டம் தெரியாவிட்டால் டிஃப்ராக்‌ஷன் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அட்லஸ் குழு த்ரெஷோல்டை 200-லிருந்து 800 வரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசியது.

பித்தியாவில் டிஃப்ராக்டிவ் மோதல்களுக்கு 103, 104 என்று எண் போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அந்த எண் அந்த மாடலின் உள்கணக்கு. 101 என்று வரும் சாதாரண மோதலும் இடைவெளி காட்டும். வேறொரு சிமுலேஷன் அதே மோதல்களை வேறு மாதிரிப் பிரிக்கும். அறிக்கையில் “டிஃப்ராக்டிவ் பங்கு இத்தனை சதவீதம்” என்று எழுதுவதைவிட “இந்த த்ரெஷோல்டில், இத்தனை அகலத்துக்கு மேல் இடைவெளி உள்ளவை இவ்வளவு” என்று எழுதுங்கள். கவர்ச்சி குறைவுதான், ஆனால் யாரும் குறுக்கே கேட்க முடியாது.

பைல்-அப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கற்றைக் குறுக்கீட்டில் பல மோதல்கள் நடந்தால் ஒன்றின் இடைவெளியை இன்னொன்று நிரப்பிவிடும். 2010-இன் தொடக்கத் தரவை எடுங்கள். பின்னால் வந்த நெரிசல் தரவில் இந்த வேலை ஆகாது.

60-ஐயும் 73-ஐயும் மோதவிடுவது

7 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் மீள்தன்மையற்ற (புதுத் துகள்கள் பிறக்கும் மோதல்களுக்கான) வெட்டுமுகம் அட்லஸுக்கு 60.3 மில்லிபார்ன், அதே எல்.எச்.சி.யின் டோட்டெம் குழுவுக்குச் சுமார் 73. “ரெண்டுல ஒண்ணு தப்பு சார்” என்று உற்சாகமாக வருவார்கள். இரண்டும் சரி. அட்லஸ் சொன்னது, சிதைந்த கூட்டத்தின் நிறை சுமார் 15.7 கிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் இருக்கும் மோதல்களை மட்டும். அதைவிட லேசான கூட்டம் கற்றைக்குழாய் வழியாகவே நழுவிப் போய்விடும், பிரதான டிடெக்டருக்குத் தெரியாது. எண்ணை எடுக்கும்போது அதன் வரம்பையும் சேர்த்து எடுங்கள்.

ஹெராவின் பங்கீட்டை அப்படியே பெருக்குவது

ஹாம்பர்க் நகரின் ஹெரா மோதுவியில் எலக்ட்ரானும் புரோட்டானும் மோதின. அங்கே அளந்த டிஃப்ராக்டிவ் பார்ட்டான் பங்கீட்டைக் (குவார்க்குகளும் குளுவான்களும் உந்தத்தைப் பகிர்ந்துகொள்ளும் விதம்) கொண்டு இரண்டு புரோட்டான், அல்லது புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும், மோதும் இடத்தில் ஜெட்களை (துகள் பீச்சுகளை) கணித்தால் விடை உதைக்கும். அமெரிக்காவில் புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதிய டெவாட்ரானில் சி.டி.எஃப். குழு கண்டது, அந்தக் கணிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மோதும் இரண்டுமே புரோட்டானோ எதிர்ப்புரோட்டானோ என்றால் மிச்சக் குவார்க்குகளும் குளுவான்களும் தங்களுக்குள் மோதி இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. அந்த இடைவெளி தப்பிப் பிழைக்கும் வாய்ப்பையும் பெருக்கவேண்டும். அந்த வாய்ப்பு ஆற்றலுக்கு ஆற்றல் மாறும். டெவாட்ரான் எண்ணை எல்.எச்.சி.க்கு எடுத்துப் போடாதீர்கள்.

பொமரானைத் துகள் பட்டியலில் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். டிஃப்ராக்டிவ் மோதலில் கைமாறும் நிறமில்லாத அந்த ஒன்றுக்கு வைத்த பெயர்தான் பொமரான்.

எலாஸ்டிக் சரிவில் ஒரே நேர்கோடு

இரண்டு புரோட்டானும் உடையாமல் சிதறும் எலாஸ்டிக் மோதலின் வெட்டுமுகத்தை உந்தமாற்றத்தின் வர்க்கத்துக்கு எதிராக மடக்கை அச்சில் வரைந்தால் நேர்கோடு போலத்தான் தெரியும். 7 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் உந்தமாற்றத்தின் வர்க்கம் 0.53 கிகா எலக்ட்ரான்வோல்ட் வர்க்கம் அருகே ஒரு பள்ளம் இருக்கிறது. பொருத்துவதை அதற்கு வெகு முன்னாலேயே நிறுத்துங்கள். அங்கேகூடக் கோடு சுத்தமான நேர்கோடு இல்லை என்று 8 டெரா எலக்ட்ரான்வோல்ட் தரவில் டோட்டெம் 2015-இல் காட்டிவிட்டது. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு நேர்கோடு போதும், ஆனால் எந்த எல்லைக்குள் பொருத்தினீர்கள் என்பதைப் படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.