புது ஏரியாவுல பேப்பர் ஒழுங்கா வரணுமா, இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

நத்தம் ரோடு, அழகர்கோவில் ரோடு, ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், நாகமலை புதுக்கோட்டைன்னு மதுரையைச் சுத்தி எங்குட்டுப் பாத்தாலும் புதுசு புதுசா நகர் வந்துக்கிட்டே இருக்கு, பால் காய்ச்சிக் குடிவந்த கையோட எல்லாரும் விசாரிக்கிறது, இங்க பேப்பர் யாருங்க போடுறாங்கன்னுதான். தினத்தந்தி 1942ல ஆரம்பிச்சதே மதுரையிலதான், காலையில காபியோட பேப்பர் விரிக்காம பொழுது ஓடாத வீடு இன்னும் இங்க நெறைய இருக்கு. ஆனா புது ஏரியாவுல பேப்பர் வரல, வந்தா ஒம்போது மணிக்கு வருது, கேட்டது ஒண்ணு விழுந்தது ஒண்ணுன்னு ஒரே புலம்பல். ஏஜென்ட் பக்கம் கோளாறு இருக்கு, இல்லேன்னு சொல்லல. நம்ம பக்கமும் இருக்கு, அத மட்டுமாச்சும் சரி பண்ணலாம்ல, அதுக்குத்தான் இத எழுதுறேன்.

இருக்கிறதுலயே பெரிய தப்பு, நம்ம தெருவுக்கு லைன், அதாவது ஏஜென்ட்டோட ஆள் தெனமும் வரிசையாப் பேப்பர் போட்டுட்டு வர்ற பாதை, இருக்கான்னு கேக்காமலே வருச சந்தா கட்டுறது. லீவு நாள்ல சந்தா சேக்குற ஆளுங்க ரெண்டு பேர் வீட்டுக்கு வருவாங்க, மொத்தமாக் கட்டுனா இவ்வளவு மிச்சம் சார், கூட ஒரு கிஃப்ட்டும் உண்டும்பாங்க, நாமளும் நல்லதாப் போச்சுன்னு கட்டிருவோம். அவங்க வேலை சந்தா சேக்குறதோட முடிஞ்சிரும். தெனமும் பேப்பரக் கொண்டாந்து போட வேண்டியது உள்ளூர் ஏஜென்ட், அவருக்கு நம்ம தெருப் பக்கம் ஆளே போகலேன்னா அந்த ரசீத வச்சு என்ன செய்ய? பத்திரிகை ஆபீசுக்கு போன் பண்ணா ஏஜென்ட்டக் கேளுங்கம்பாங்க, ஏஜென்ட்டக் கேட்டா அங்குட்டு வர ஆள் இல்ல சார்ம்பாரு, நடுவுல நம்ம காசு. அதனால மொதல்ல மாச பில்லுக்குப் போடச் சொல்லுங்க, ஒண்ணு ரெண்டு மாசம் ஒழுங்கா வருதான்னு பாருங்க, அப்பறம், "அண்ணே, வருச சந்தா கட்டுனா உங்க லைன்லயே போட்டுருவீங்களா"ன்னு ஏஜென்ட் வாயாலயே சரின்னு வாங்கிட்டுக் கட்டுங்க.

இந்த லைன்ங்கிறது என்னன்னு புரிஞ்சாத்தான் மிச்சமெல்லாம் புரியும். பிரஸ்ல அடிச்ச பேப்பர் விடியுமுன்ன வேன்ல கிளம்பி ஒவ்வொரு பாயிண்ட்லயும் கட்டுக் கட்டா எறங்கும், ஏஜென்ட்டும் பசங்களும் அங்கயே ரோட்டோரமா உக்காந்து கட்டப் பிரிச்சு எண்ணி, இணைப்பு, நோட்டீஸ் எல்லாத்தையும் கையாலயே உள்ள சொருகி, எந்தத் தெருவுக்கு எதுன்னு அடுக்கி சைக்கிள்லயோ பைக்லயோ தூக்கிட்டுப் போவாங்க. டவுனுக்குள்ள சிம்மக்கல் மாதிரி எடத்துல ஒரே சந்துல இருபது வீடு வாங்கும், அஞ்சு நிமிசத்துல போட்டுட்டுப் போயிரலாம். நம்ம நகர்ல ஒரு வீடு, அப்பறம் நாலு காலி பிளாட், சீமைக்கருவேல முள்ளு, தெருவிளக்கு கிடையாது, அதத் தாண்டி இன்னொரு வீடு. அதே எண்ணிக்கை பேப்பரப் போட ரெண்டு மடங்கு நேரமும் பெட்ரோலும் போகுது, ஆனா ஒரு பேப்பருக்கு அவருக்குக் கிடைக்கிற கமிஷன் அதேதான். டவுன்ல இருந்தப்ப அஞ்சு மணிக்கெல்லாம் வந்துச்சேன்னு கேக்குறோம்ல, லேட்டாகுறதுக்குக் காரணம் இதான்.

அப்படி இருக்கையில ஒரே தெருவுல நாலு வீடு நாலு ஏஜென்ட்டுகிட்ட வாங்குனா எப்படி இருக்கும்? ஆளுக்கு ஒரு பேப்பருக்காக அவ்வளவு தூரம் வரணும், மழை பேஞ்ச அன்னைக்கி மொதல்ல விடுபடுறது அந்த ஒத்த வீடுதான். பழகுன ஏஜென்ட், சொந்தக்காரரு, பழைய வீட்டுக்குப் போட்டவருன்னு ஆளாளுக்கு ஒருத்தரப் பிடிக்காம, பக்கத்து ரெண்டு மூணு தெருவையும் சேத்து பதினஞ்சு இருபது வீடாத் தேத்தி ஒரே ஆள்கிட்டக் குடுங்க. வேற வேற பேப்பர் வாங்குறவங்க இருந்தாலும் கவலையில்ல, பெரும்பாலான ஏஜென்ட்டுங்க எல்லாப் பேப்பரையும் எடுத்துப் போடுவாங்க. இருபது வீடு கையில இருந்தா அவருக்கு அது ஒரு லைன், ஆள் லீவு போட்டாக்கூட அவரே வண்டிய எடுத்துட்டு வருவாரு. குடியிருப்போர் சங்கம் இருக்கிற எடத்துல தண்ணி, ரோடு பத்திப் பேசுற கூட்டத்துல இதையும் ஒரு விசயமா எடுத்துப் பேசலாம், தப்பில்ல.

அடுத்து அட்ரஸ். போன்ல லொகேசன் அனுப்பிட்டோம்ல, வந்துருவாங்கன்னு இருக்காதீங்க. கருக்கல்ல ஒரு கையில பேப்பர் கட்டோட வர்ற பையன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன எடுத்துப் பாக்க முடியாது. ஒரே வீட்டுக்கு பிளாட் நம்பர் ஒண்ணு, வரி போட்ட கதவு நம்பர் ஒண்ணு, போதாததுக்கு ரெண்டாவது தெருங்கிற பேர்ல மூணு தெரு இருக்கும். மொத நாள் நீங்களே வாசல்ல நின்னு, தம்பி, இந்த வீடுதான், இந்தப் பேப்பர்தான்னு காட்டிருங்க, கேட்டுல நம்பரப் பெருசா எழுதி வைங்க.

பேப்பர் வரலேன்னா அன்னைக்குக் காலையிலேயே, ஏழு ஏழரைக்குள்ள ஏஜென்ட்டுக்குச் சொல்லிருங்க. அவர் கையில உபரியா இருக்கிற நாலஞ்சு காப்பி அதுக்கு மேல கடைக்குப் போயிரும். சாயங்காலம் சொன்னாப் புண்ணியமில்ல, மாசக் கடைசியில பில்லு வந்ததும் பத்து நாள் வரலேன்னு மொத்தமாச் சண்டை போட்டா அதவிட மோசம், அவரும் நம்ப மாட்டாரு நம்மகிட்டயும் கணக்கு இருக்காது. வராத தேதிய தினசரி காலண்டர்லயோ எங்கயோ உடனே குறிச்சு வைங்க. பத்திரிகை ஆபீசுக்கு லீவு விட்டா மறுநாள் பேப்பர் கிடையாது, அத முன்னாடியே பேப்பர்ல போட்டுருவாங்க, அதையும் வராத நாள் கணக்குல சேத்துறாதீங்க. சித்திரைத் திருவிழாவுல அழகர் எதிர்சேவைக்கு வர்றப்போ மூன்றுமாவடி, புதூர் பக்கமெல்லாம் கூட்டத்துல வண்டி நகராது, அந்த ரெண்டு நாள் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும்.

ஊருக்குப் போறப்போ பேப்பர் போடுற பையன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிர்றது இன்னொரு தப்பு. காப்பியக் கூட்டுறதும் குறைக்கிறதும் ஏஜென்ட் ஆபீசுக்கு முந்தியே சொல்லணும், அதனால ரெண்டு நாளைக்கு முன்னாடி அவருக்கே போன் பண்ணுங்க. தனித்தனியா வீடு நிக்கிற ஏரியாவுல கேட்டுக்குள்ள நாலு நாள் பேப்பர் கெடந்தா, இங்க ஆள் இல்லேன்னு திருடனுக்கு நாமளே தாக்கல் சொல்ற மாதிரி.

கேட்டு விசயம் சின்னதுதான், ஆனா அதுலதான் நெறைய பேப்பர் நாசமாகுது. நாம வாசல் தெளிக்கிற நேரமும் பேப்பர் விழுகுற நேரமும் ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில கேக்கவே வேணாம். நாலு இஞ்ச் பிவிசி பைப்ல ஒண்ணேகால் அடி வெட்டி, பின்பக்கம் மூடி போட்டு, வாய் கொஞ்சம் கீழ பாத்தாப்ல கேட்டுல கட்டிருங்க, சுருட்டிச் சொருகிட்டுப் போயிருவாங்க, சொட்டுத் தண்ணி எறங்காது. வீட்டு நாய பேப்பர் வர்ற வரைக்கும் கட்டிப் போடுங்க, ஒரு தடவ கடிபட்ட பையன் அந்தத் தெருப் பக்கமே வர மாட்டான்.

பணத்த மூணு மாசம் இழுத்தடிக்காதீங்க, நாம தந்தாலும் தராட்டியும் ஏஜென்ட் ஆபீசுக்குக் கட்டியாகணும். ஜிபேல போட்டா பேரும் தெருவும் எழுதிப் போடுங்க. பேப்பர் காசு வாங்க வந்தேன்னு தெரியாத ஆள் நின்னா ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டுட்டுக் குடுங்க.

பில்லுக்கும் லேட்டுக்கும் பையன வாசல்ல நிறுத்தித் திட்டுறதுதான் எனக்கு மனசு பொறுக்காத விசயம். வேன் லேட்டானதுக்கு அவன் என்ன பண்ணுவான், முந்துன ராத்திரி மேட்ச்சோ தேர்தல் முடிவோ இருந்தா அடிக்கிறதே லேட்டாத்தான் அடிப்பாங்க. கோவத்த ஏஜென்ட்கிட்டக் காட்டுங்க. அதே ஏஜென்ட் பதினாலு வயசு ஆகாத பிள்ளைய வேலைக்கு விட்டா அதையும் நேராவே கேளுங்க, சட்டப்படி அது கூடாது.

காலேஜ் பையனோ வேற வேலைக்குப் போறவரோதான் நெறைய எடத்துல காலையில வந்து போட்டுட்டுப் போறாங்க, வேற நல்ல வேலை கிடைச்சா ஆள் மாறிருவாங்க. வீட்டு நம்பரும் பேப்பர் பேரும் பழைய ஆளோட மண்டையிலதான் இருக்கும், அவர் நின்னதும் ஒரு வாரம் தெருவே குழம்பும். தெருவுல யாராச்சும் ஒருத்தர் வரிசையா எந்த வீடு, என்ன பேப்பர்னு ஒரு தாள்ல எழுதி ஏஜென்ட்கிட்டக் குடுத்துட்டு, புது வீடு சேரும்போதெல்லாம் அதுல சேத்துக்கிட்டே வாங்க.