தனியாளாகக் கைக்குழந்தையுடன் சுற்றுலா: செலவைத் திட்டமிடும் முறை

இரண்டு வயதுக் குழந்தைக்கு ரயிலில் கட்டணம் கிடையாது. தமிழக அரசுப் பேருந்தில் கட்டணம் கிடையாது. கூடுதல் படுக்கை கேட்காதவரை பெரும்பாலான விடுதிகளிலும் கட்டணம் கிடையாது. இருந்தும், குழந்தையைத் தனியாளாக வளர்க்கும் தாயோ தந்தையோ மூன்று நாள் வெளியூர் போய்வந்து கணக்குப் பார்த்தால், தம்பதியாகப் போய்வந்தவர்களின் தலைக்கணக்கைவிட அது வெகுவாகக் கூடியிருக்கும். இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டிய அறை வாடகையையும் வண்டி வாடகையையும் ஒருவரே கொடுப்பது முதற்காரணம். மற்றொரு காரணம் எந்தக் கட்டணப் பட்டியலிலும் இராது: ஒருவர் பெட்டியைத் தூக்க மற்றவர் குழந்தையைத் தூக்கிக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை என்பதால், அந்த இரண்டாவது கையை ஒவ்வோர் இடத்திலும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

சென்ற பிப்ரவரியில் சென்னையிலிருந்து குன்னூருக்கு நானும் இரண்டரை வயது மகளும் போய்வந்த கணக்கை எடுத்துக்கொள்வோம். ரயிலில் மூன்றாம் ஏசியில் எனக்கு மட்டும் போகவர ஏறத்தாழ 1,800 ரூபாய், மூன்று இரவு அறை வாடகை 7,500, அதன்மேல் ஜிஎஸ்டி 375, டாக்சி, ஆட்டோ, பேருந்து 2,400, சாப்பாடு 2,700, நுழைவுச் சீட்டும் மலை ரயிலும் 500, போர்ட்டர், பால், மருந்து போன்ற சில்லறை 600, ஆக மொத்தம் 15,875 ரூபாய். இதில் அறையும் வண்டியும் மட்டும் 10,275, அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே சலுகை விலைச் சீட்டைத் தேடி இரவெல்லாம் கைப்பேசியைத் துழாவுவதைவிட, இந்த இரண்டு இனங்களில் கை வைப்பதே பயன் தரும்.

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். பள்ளிக்குப் போகாத குழந்தை உங்களுக்குக் கொடுக்கும் பெரிய சலுகை, ஏப்ரல், மே மாதங்களில் எல்லோருடனும் சேர்ந்து மலையேற வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான். சீசனில் ஒரு விலையும் சீசன் கழிந்தபின் வேறொரு விலையும் சொல்லும் அறைகள் ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் ஏராளம்; வார இறுதிக்கும் வார நாளுக்கும் இடையிலும் இடைவெளி உண்டு. ஞாயிறு இரவு ரயிலேறித் திங்கள், செவ்வாய், புதன் இரவுகளை அங்கே கழித்து வியாழன் இரவு திரும்புவது நல்ல ஏற்பாடு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் என்னும் இணையவழி நுழைவு அனுமதி, சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் செல்வோருக்கே உரியது. அரசுப் பேருந்தில் ஏறுபவருக்கு அந்தக் கவலை இல்லை.

ரயில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும், வேண்டாமென்றால் இலவசம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை வாங்குவது, என் பார்வையில், வீண் செலவு. அது எப்படியும் உங்களை ஒட்டித்தான் தூங்கும். கீழ்ப் படுக்கை கிடைத்தால் குழந்தையைச் சுவர் ஓரமாகப் படுக்க வைத்து, வெளிப்பக்கம் நீங்கள் படுத்துக்கொள்ளலாம்; நடுப் படுக்கையில் இது நடக்காது. கீழ்ப் படுக்கைக்கான தனி ஒதுக்கீடு மூத்த குடிமக்களுக்கும், 45 வயதைக் கடந்த பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் உண்டே தவிர, கைக்குழந்தையோடு தனியே வருபவர் என்று ஒரு பிரிவு அதில் இல்லை. எனவே ஐஆர்சிடிசி தளத்தில், கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்னும் தெரிவை மறவாமல் குறியுங்கள். பெண்ணாக இருந்தால், ஸ்லீப்பர் வகுப்பில் மகளிர் ஒதுக்கீட்டையும் பாருங்கள். நெடுந்தூர விரைவு வண்டிகளில் ஆறு படுக்கைகள் அதற்கென வைக்கப்பட்டுள்ளன. குழந்தையைத் தனியாக வளர்க்கும் தந்தைக்கு இந்த வழியும் இல்லை. முன்பதிவு தொடங்கும் அன்றே அவர் பதிவு செய்வதுதான் ஒரே வழி.

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ், பொழுது விடியும் நேரத்தில் மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் கொண்டுவந்து விடும். இந்தப் பயணத்தின் மிகக் கடினமான இருபது நிமிடங்கள் இங்கேதான். தூக்கம் கலையாத குழந்தை ஒரு தோளில், பால் புட்டியும் டயப்பரும் அடங்கிய பை மறு தோளில், தரையில் ஒரு பெட்டி. செருப்பை மாட்டுவதற்குக்கூட மூன்றாவது கை தேவைப்படும். போர்ட்டருக்குக் கொடுத்ததும், பேருந்து நிலையம் வரை நடக்கத் துணியாமல் டாக்சிக்குக் கொடுத்ததும் இங்கேதான். அடுத்த முறை முதுகில் மாட்டும் ஒரே பையுடனும், குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணித் தூளியுடனும் போனேன். இரண்டு கைகளும் விடுபட்டன, பேருந்திலேயே ஏறிவிட்டேன். தள்ளுவண்டி வேண்டாம். குன்னூர் தெருக்களும், 1874-இல் அமைந்த சிம்ஸ் பூங்காவும் சரிவும் படியுமாகவே இருக்கின்றன; அங்கே தள்ளுவண்டி என்பது தூக்கிச் சுமக்க வேண்டிய இன்னொரு பெட்டி.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் மலை ரயில், ஊட்டி வரையிலான 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்த ரயிலில் போக எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஐந்து மணி நேரம் ஓரிடத்தில் உட்காராது. குன்னூரில் தங்கிக்கொண்டு, அங்கிருந்து ஊட்டிக்கு நாளில் சில முறை ஓடும் வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால், கேத்தி, லவ்டேல் நிலையங்கள் சன்னல் வழியே கடந்து போகும். குழந்தைக்கு அலுப்பதற்குள் இறங்கியும் விடலாம். ஊட்டியில் தாவரவியல் பூங்கா ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மதியத் தூக்கத்துக்கு முன் பேருந்தில் திரும்பிவிடுங்கள். ஒரே நாளில் ஏழு இடம் காட்டுவதாகச் சொல்லும் வாடகை வண்டி, குழந்தை பின்னிருக்கையில் தூங்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்குகிறது.

இனி அறை. ஒரே ஊரில் ஒரே அறை என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை விடுதி மாறும்போதும் ஒரு டாக்சி, ஒரு மூட்டைகட்டல், ஒரு அழுகை. தொகுப்புச் சுற்றுலாக்களில் தலைக்கு இவ்வளவு என்று விளம்பரப்படுத்தும் விலை, ஓர் அறையை இருவர் பகிர்வதாகக் கொண்டு போட்ட விலை. ஒரே பெரியவர் என்றதும் அதன்மேல் ஒரு தொகை ஏறும். அரசின் ஓட்டல் தமிழ்நாடு விடுதிகளிலும், ஹோம்ஸ்டேக்களிலும் விலையைத் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள். ஒரு விடுதியில், இணையத்தில் குழந்தைக்கு இலவசம் என்று பார்த்துப் பதிவு செய்துவிட்டுப் போய் நின்றபோது, வரவேற்பில் இருந்தவர் அது ஒரு வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லி நாளுக்கு 500 ரூபாய் கேட்டார். தோளில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது யாரும் வாதாட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பின், குழந்தையின் வயதைக் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை வாட்சாப்பில் எழுத்தாக வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புகிறேன். நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பில்லில் பழைய 12 விழுக்காடு இருந்தால் கேளுங்கள்.

காலை உணவு வாடகையில் அடங்கிய அறையைத் தேர்ந்தெடுங்கள். வெந்நீர்க் கெட்டில் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். அது இருந்தால், வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவைக் கரைத்துக் குழந்தையின் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடலாம், ஒவ்வொரு தம்ளர் பாலுக்கும் அறைச் சேவைக்குப் போன் போட வேண்டியதில்லை. டயப்பரை ஊரிலிருந்தே எண்ணி எடுத்துச் செல்லுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டிலும் ஃபிளாஸ்கும் அவசியம். பொது இடங்களில் உள்ள குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

செலவைப் பெருமளவு குறைக்கும் வழி, உங்களைப் போலவே தனியாகக் குழந்தை வளர்க்கும் தோழியோ, அக்காவோ, அம்மாவோ உடன் வருவதுதான். அறையும் வண்டியும் பாதியாகும் என்பது ஒருபுறம் இருக்க, நீங்கள் குளிக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். கிளம்புவதற்கு முன்பே பொதுச் செலவுக்கு ஆளுக்கொரு தொகை போட்டுத் தனிப் பர்சில் வைத்துக்கொண்டால், தோசைக்கும் ஆட்டோவுக்கும் கணக்குப் பார்த்து மனக்கசப்பு வளராது.

விமானத்தில் போகும் எண்ணம் இருந்தால், குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன் போய்விடுங்கள். அதற்குப் பின் அதற்கும் தனி இருக்கை, தனிக் கட்டணம். மாதச் சம்பளக்காரர்கள், பழைய வருமான வரி முறையில் இருந்து, சம்பளத்தில் எல்டிஏ என்னும் விடுப்புப் பயணப் படி இருந்தால் நான்காண்டுத் தொகுதியில் இரு முறை அதைக் கோரலாம். பயணக் கட்டணம் மட்டுமே அதில் சேரும், அறை வாடகை சேராது.

கடைசியாக, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். புறப்படும் அன்று மாலை குழந்தைக்குக் காய்ச்சல் வருவது அரிதான செய்தி அல்ல. ரயில் சீட்டை மூன்று நாட்களுக்கு முன் ரத்து செய்தால் சிறு பிடித்தத்தோடு போகும், நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். அறையை மட்டுமாவது, முந்தைய நாள் வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்று எழுத்தில் உள்ள இடத்தில் பதிவு செய்யுங்கள், வாடகை நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.