பவர் டேபிளில் ஆள் எடுப்பதும் பொறுப்பைக் கைமாற்றுவதும்

திருப்பூர் அங்கேரிபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் எங்கள் பவர் டேபிள் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: பனியன் கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கிற யூனிட்டுக்கு இங்கே அதுதான் பெயர். ஆறு மெஷினில் ஆரம்பித்தேன், இப்போது இருபது. ஆறு பத்தாக ஏழு வருடம் பிடித்தது. பத்து இருபதாக இரண்டே வருடம். நடுவில் பெரிய ஆர்டரும் வரவில்லை, லோனும் கிடைக்கவில்லை. மூன்று நாள் நான் ஊரில் இல்லாமல் போனேன், அவ்வளவுதான்.

தாராபுரத்தில் சித்தி மகள் கல்யாணம். கிளம்பும்போது தையல் லைனில் 1,800 பீஸ் ரவுண்ட் நெக் டீ-ஷர்ட். திரும்பி வந்து பார்த்தால் கட்டுக் கட்டாக அப்படியே கிடக்கிறது. "நூலு ஷேடு ஒரு பொட்டு மாறுதுங்கக்கா. உங்களைக் கேக்காம எப்படி அடிக்கறது?" என்றார் சூப்பர்வைசர் தம்பி. போன் அடித்திருக்கிறார், மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கடைக்குப் போய் சரியான நூல் கோன் வாங்கி வந்தால் 600 ரூபாய். அந்த 600 ரூபாய் முடிவுக்காகப் பதினாறு பேர் ஒன்றரை நாள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் போன மாதம் அவராக லேபிள் இடத்தை மாற்றி வைத்ததற்கு அத்தனை பேர் முன்னால் கத்தியது நான்தானே? கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

நீங்களும் இந்த இடத்தில் மாட்டியிருந்தால், முதலில் ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள். யார் என்ன கேட்டு வந்தாலும் ஒரு வரி எழுதுங்கள், பதிலும் சொல்லுங்கள். எனக்குத் திங்கள் முதல் சனி வரை 112 கேள்வி வந்தது. நூல், ஊசி, மெக்கானிக், லீவு, அட்வான்ஸ், டீக்காசு. உண்மையில் நான்தான் சொல்லியாக வேண்டும் என்றிருந்தது ஒன்பது. ரேட் பேசுவது, கம்பெனி வெட்டித் தந்ததில் பீஸ் குறைவது, கம்பெனிக்காரரிடம் தேதி தள்ளிக் கேட்பது, இந்த மாதிரி. மிச்சம் 103-ஐ யாருக்குக் கொடுப்பது என்று பிரித்தாலே பாதி வேலை முடிந்தது.

கொடுக்கும்போது வாயால் கொடுக்காதீர்கள். "இனிமே நீங்களே பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன், மறுநாள் காலை எட்டரைக்கு மறுபடி வந்து நின்றார். எது வரை தன்னுடையது என்று தெரியாத ஆள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். அதனால் ஒரு அட்டையில் எழுதி மெயின் சுவிட்ச் பக்கத்தில் மாட்டினேன். 1,500 ரூபாய் வரை நூலோ ஊசியோ சூப்பர்வைசரே வாங்கலாம், பில் மட்டும் டப்பாவில் போட வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட யாரையும் கேட்க வேண்டாம். நூல் ஷேடு சந்தேகமென்றால் துணியையும் நூலையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டியூப் லைட்டில் பார்த்தால் ஏமாற்றிவிடும். சூப்பர்வைசர், மூத்த டைலர், செக்கிங் அக்கா மூவரில் இருவர் சரி என்றால் அடிக்கலாம். ஒரே மெஷினில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே தப்பு மூன்று முறை வந்தால் செக்கிங் அக்கா அந்த மெஷினை நிறுத்தலாம். சரியாகும் வரை நான் சொன்னாலும் ஓட்டக்கூடாது.

கடைசி வரியை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வலித்தது. ஆனால் அதுதான் அதிகம் காசு மிச்சம் பிடித்த வரி.

எழுதின எல்லைக்குள் தப்பு நடந்தால் நஷ்டம் உங்களுடையது, வாயைத் திறக்கக்கூடாது. தம்பி இரண்டாவது வாரமே 1,400 ரூபாய்க்கு வேறு ஷேடில் ஒரு பெட்டி கோன் வாங்கி வந்துவிட்டார். இன்னும் அலமாரியில் இருக்கிறது, சாம்பிள் அடிக்க எடுத்துக்கொள்கிறோம். அன்றைக்கு நான் கத்தியிருந்தால் அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டதற்குச் சமம்.

இனி ஆள் எடுப்பது. திருப்பூரில் எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் "சிங்கர் டைலர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி தேவை" என்று தையல் வேலைக்கு ஆள் கேட்டு அட்டை தொங்கும். நானும் தொங்கவிடுகிறேன். வருகிறவரிடம் எத்தனை வருடம் அனுபவம் என்று கேட்பதை விட்டுவிட்டேன். எல்லோரும் ஐந்து வருடம் என்பார்கள். மெஷினில் உட்காரவைத்துப் பத்து பீஸ் கொடுக்கிறேன், அந்தப் பத்துக்கும் கூலி உண்டு. நான் பார்ப்பது வேகத்தை அல்ல. முதலில் வேஸ்ட் துணியில் அடித்து டென்ஷன், அதாவது நூல் இறுக்கம், பார்க்கிறாரா? இஞ்சுக்கு எத்தனை தையல் விழுகிறது என்று எண்ணுகிறாரா? பனியன் துணிக்குப் பால் பாயிண்ட் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்கிறாரா? கூர் ஊசி துணியின் இழையை அறுத்துவிடும், துவைத்த பிறகுதான் ஓட்டை தெரியும். இதில் இரண்டு செய்தாலே போதும், வேகம் மூன்று மாதத்தில் தானாக வரும்.

செக்கிங்குக்கு ஆள் வந்தால் இருபது பீஸ் கொடுப்பேன், அதில் ஐந்தில் தப்பு வைத்திருப்பேன்: தையல் விட்டது, எண்ணெய்க் கறை, பிசிறு, சைஸ் லேபிள் மாறினது, தோள்பட்டை இழுத்தது. ஐந்தையும் பிடித்தவரைவிட, நான்கைப் பிடித்து நல்ல பீஸ் எதையும் ஒதுக்காதவரையே எடுப்பேன். பயத்தில் எல்லாவற்றையும் ஒதுக்குகிறவர் லைனையே நிறுத்திவிடுவார்.

சூப்பர்வைசருக்கு ஒரே கேள்வி: "ஊசி உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?" வேறு ஊசி மாட்டுவேன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். மெஷினை நிறுத்தி, உடைந்த துண்டு அத்தனையும் தேடி, ரிஜிஸ்டரில் ஒட்டி, துண்டு கிடைக்காவிட்டால் அந்தத் துணிக்கட்டு முழுவதையும் தனியாக எடுத்து வைப்பேன் என்றால் வேலை அவருக்கு. குழந்தை உடுப்பில் ஊசித் துண்டு போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவரிடம்தான் என் சாவியைக் கொடுக்க முடியும்.

யாரை எடுப்பது என்பதைவிட எங்கே எடுப்பது என்பதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். ஆர்டர் கூடினால் ஆள் கூட்டுவேன், பீஸ் கூடாது. ஒருநாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். தோள் சேர்ப்பது மணிக்கு 110, நெக் ரிப் ஏற்றுவது 55, பாட்டம் மடிப்பது 70. நான் புதிதாக எடுத்த ஆளைத் தோளில் உட்காரவைத்திருந்தேன்! நெக் முன்னால் மலை மாதிரி கட்டுக் குவிந்திருந்தது. எந்த மெஷின் முன்னால் குவியல் சேருகிறதோ அந்த மெஷினுக்குத்தான் ஆள் வேண்டும். நெக்குக்கு இரண்டாவது ஆள் வந்ததும் பாட்டம் முன்னால் குவிந்தது, அது வேறு கதை.

ஆர்டருக்குச் சரி சொல்வதற்கும் இதே கணக்குதான். இருபது மெஷின், எட்டு மணி நேரத்துக்கு 480 நிமிடம்: மொத்தம் 9,600 நிமிடம். டீ, நூல் மாற்றுவது, லீவு எல்லாம் போக எங்களுக்குப் பாதிதான் தேறும், 4,800. ஒரு டீ-ஷர்ட்டுக்கு 8 நிமிடம் என்றால் நாளுக்கு 600 பீஸ். பத்து நாளில் 10,000 வேண்டும் என்று யாராவது கேட்டால் அது பதினேழு நாள் வேலை. முன்பெல்லாம் "முடிச்சுத் தர்றேங்க" என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் ஓட்டி, மறுநாள் பாதிப் பேர் வராமல் நிற்பேன். இப்போது போனிலேயே கணக்கைச் சொல்கிறேன். சிலர் போய்விடுகிறார்கள். போகட்டும்.

ஆளின் விலையையும் முழுசாகப் போடுங்கள். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.க்கு நம் பங்கு 3.25 சதவீதம், பி.எஃப்.புக்கு நிர்வாகக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், இரண்டும் சேர்ந்து 2,440 ரூபாய் அளவில் வரும். போனஸ் தனி. பத்தொன்பதிலேயே நின்றுவிடலாம் என்று நானும் ஒரு வருடம் தந்திரமாக இருந்தேன். நல்ல டைலர் இரண்டு பேர் பி.எஃப். இருக்கிற கம்பெனிக்குப் போனார்கள்.

2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது என் வேலையில் முக்கால்வாசி ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் இருந்தது என் தப்பு. ஆனால் லைன் தம்பி கையில் இருந்ததால் எனக்குப் பகல் பொழுது கிடைத்தது. மூன்று வாரம் பனியன் மொத்தக் கடைகள் இருக்கிற காதர்பேட்டையிலும் உள்நாட்டு வேலை கொடுக்கிற கம்பெனிகளிலும் ஏறி இறங்க முடிந்தது.

சனிக்கிழமைச் சம்பளக் கவரை மட்டும் இன்னும் யாரிடமும் விடவில்லை. கவரை வாங்கும்போதுதான் "அக்கா, அடுத்த வாரம் ஊருக்குப் போறேன்", "நெக் மெஷின் சத்தம் சரியில்லை" என்று மெதுவாகச் சொல்வார்கள். திங்கட்கிழமை எந்த மெஷின் காலியாக நிற்கும் என்பது எனக்குச் சனி மாலையே தெரிந்துவிடும்.