தனி ஊசலும் நேர்கோட்டின் சாய்வும்

மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவர்கள் இயற்பியல் ஆய்வகத்தில், நூலில் தொங்கும் குண்டை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணச் செய்யும் தனி ஊசல் சோதனையை, கணித வகுப்பில் கற்கும் நேர்கோட்டுடன் இணைத்துச் செய்வதே சிறந்த முறை. ஊசலின் நீளத்தைத் தொங்கு புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். குண்டின் ஆரத்தைச் சேர்க்கப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வீச்சு, அதாவது குண்டு நடுநிலையிலிருந்து விலகும் பெருமக் கோணம், 10 பாகைக்குள் இருக்கட்டும். சிறு கோணத்தின் சைன் மதிப்பு, ரேடியனில் அளந்த அக்கோணத்திற்கு ஏறத்தாழச் சமம் என்பதன் மேல்தான் அலைவு நேரச் சூத்திரம் (குண்டு ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரத்தைத் தருவது) நிற்கிறது. 10 பாகை என்பது 0.1745 ரேடியன், அதன் சைன் 0.1736. கணிதத்தில் எல்லை மதிப்பாகப் படித்த செய்தி இங்கே கண்ணெதிரே ஆடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

குண்டு நடுநிலையைக் கடக்கும் கணத்தைச் சுழியம் என எண்ணத் தொடங்கி, 20 அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து, அதை 20ஆல் வகுக்கவும். 1 மீட்டர் ஊசலுக்கு மொத்தம் ஏறத்தாழ 40 வினாடி ஆகும். ஐந்தாறு நீளங்களுக்கு இவ்வாறே செய்யவும்.

பிறகு, நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தைச் செங்குத்து அச்சிலும் கொண்டு வரைபடம் வரைக. வர்க்கப்படுத்தாமல் வரைந்தால் வளைகோடுதான் வரும். நேர்கோட்டின் சாய்வால் 39.48ஐ (அதாவது, சூத்திரத்தில் வரும் 2π-இன் வர்க்கமான 4π²) வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும், சாய்வு 4.03 எனில் விடை 9.8.